மார்கழியில் பாஸ், அக்னி நட்சத்திரத்தில் ஃபெயில்: ரேம் டைமிங்கில் கை வைத்த கதை

அக்கா பையனுக்குப் போன மே மாதம் காது குத்து. தாய்மாமன் என்பதால் மடியில் உட்கார வைத்துக்கொண்டது நான், போட்டோ எடுத்தது சித்தப்பா பையன். சாயங்காலமே கேமரா கார்டை என் கம்ப்யூட்டரில் போட்டு எல்லாவற்றையும் காப்பி செய்துவிட்டு, கார்டைக் காலி செய்து அவனிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அக்கா போன் செய்தாள். "ஏன் தம்பி, ஊசி குத்தற போட்டோவுல பாதிக்குக் கீழ எல்லாம் ரோஸ் கலரா இருக்குது?"

திறந்து பார்த்தேன். பையன் வாயைத் திறந்து அழுகிறான். அவன் தாடை வரைக்கும் படம் சரி. அதற்குக் கீழே என் வேட்டி, ஆசாரியின் கை எல்லாம் வலது பக்கம் நகர்ந்துபோய் ரோஸ் நிறத்தில் கிடந்தன. ஜேபெக் கோப்பில் நடுவில் ஒரே ஒரு பிட் மாறினாலும், அந்த இடத்திலிருந்து மீதிப் படம் பெரும்பாலும் இப்படித்தான் குலையும். இதே போல இன்னொரு படமும் போயிருந்தது.

கார்டைச் சந்தேகப்பட்டேன், கேபிளைச் சந்தேகப்பட்டேன், ஹார்ட் டிஸ்க்கை இரண்டு முறை சோதித்தேன். எல்லா டேட்டாவும் கடந்து போகிற தற்காலிக மெமரியான ரேம்தான் காரணமோ என்று தோன்ற நாலு நாள் ஆனது. தோன்றியதும் வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் ரேமில் ஐந்து மாதம் முன்பு கை வைத்தது நான்தான்.

கதை கொஞ்சம் பின்னால் ஆரம்பிக்கிறது. ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங், ஸ்டாக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது என் தொழில். 2021 கடைசியில் எனக்கென்று ஒரு கம்ப்யூட்டரை நானே பூட்டினேன். கிராபிக்ஸ் கார்டெல்லாம் ஆனை விலை குதிரை விலை விற்ற நேரம் அது. அதனால் கிராபிக்ஸும் உள்ளேயே அடங்கிய ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி பிராசஸர். ரேம் 8 ஜிபி ஸ்டிக் இரண்டு, டிடிஆர்4 தலைமுறை, வேகம் 3200, சிஎல்16 (இந்த சிஎல் என்னவென்று பின்னால் சொல்கிறேன்). போர்டில் நாலு ஸ்லாட் இருந்தது. முதல் இரண்டில் பக்கத்தில் பக்கத்தில் செருகினேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

இரண்டு வருடம் அப்படியே ஓடியது. ஒரு லீவு நாளில் அக்கா பையன் கிரிக்கெட் கேம் விளையாட, பந்து வீசுவதற்குள் திரை இரண்டு முறை திக்கியது. கூட இருந்த நண்பன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்தைப் பார்த்தான். "மாப்ள, 3200 ரேம்னு சொன்ன. இதுல 2133னு காட்டுது?"

பெட்டியில் 3200 என்று போட்டிருந்தால் செருகியதும் 3200-இல் ஓடும் என்று நினைத்திருந்தேன். ஓடாது. ஒவ்வொரு ஸ்டிக்கிலும் ஒரு சின்ன சிப் இருக்கிறது, அதில் ஸ்டிக்கின் ஜாதகம் எழுதியிருக்கும். போர்டு முதலில் எடுத்துக்கொள்வது அதிலுள்ள பத்திரமான பொது அளவைத்தான். என் ஸ்டிக்கில் அது 2133, சிஎல்15. பெட்டியில் போட்டு விற்கிற வேகம் எக்ஸ்எம்பி என்ற தனிப் பக்கத்தில் இருக்கும். அதை நாம்தான் பயாஸுக்குள் (விண்டோஸ் எழும் முன் திறக்கும் அமைப்புத் திரை) போய் இயக்க வேண்டும். ஏஎம்டி போர்டுகள் சிலவற்றில் இதற்கு டிஓசிபி என்று பெயர், டிடிஆர்5 வந்த பிறகு எக்ஸ்போ என்றும் ஒன்று சேர்ந்திருக்கிறது. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

அத்தோடு முடியவில்லை. பக்கத்து பக்கத்து ஸ்லாட் இரண்டும் ஒரே சேனலை, அதாவது பிராசஸருக்குப் போகும் ஒரே பாதையைச் சேர்ந்தவை. நாலு ஸ்லாட் போர்டில் இரண்டு ஸ்டிக் என்றால், பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போட வேண்டும். இது போர்டு புத்தகத்திலேயே படத்தோடு இருந்தது. நான் அந்தப் புத்தகத்தைப் பிரித்ததே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சேனலில் ஒரு தடவைக்கு 8 பைட் போகும். 2133 என்பது வினாடிக்கு அத்தனை மில்லியன் தடவை, அதை எட்டால் பெருக்கினால் வினாடிக்கு 17 ஜிபி. அதே ரேம் இரண்டு சேனலில் 3200-இல் ஓடினால் 51.2 ஜிபி. காசு கொடுத்து வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் இரண்டு வருடம் பயன்படுத்தியிருக்கிறேன். உள்ளமைந்த கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, அதுவும் இதே ரேமைத்தான் உறிஞ்சுகிறது. அதனால்தான் பந்து திக்கியது. ஸ்டிக்கை மாற்றிச் செருகி, எக்ஸ்எம்பியை இயக்கியதும் கேம் வழுக்கிக்கொண்டு ஓடியது. செலவு பூஜ்யம். இந்தக் கட்டுரையில் உருப்படியான யோசனை ஒன்றுதான் வேண்டும் என்பவர்கள் இந்த இரண்டையும் சரிபார்த்துவிட்டு எழுந்து போகலாம், மீதி எல்லாம் என்னைப் போல அரிப்பு உள்ளவர்களுக்கு.

எனக்கு அரிப்பு பிடித்துக்கொண்டது. 16-18-18-36 என்று ஸ்டிக்கரில் இருந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று தோண்ட ஆரம்பித்தேன்.

சுக்கு, திப்பிலி வாங்கப் போகும் நாட்டு மருந்துக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். சுவர் முழுக்க டிராயர். ஒவ்வொரு டிராயருக்குள்ளும் தடுப்பு தடுப்பாகச் சரக்கு. கடைக்காரர் ஒரு நேரத்தில் ஒரு டிராயரைத்தான் உருவி மேஜை மேல் வைக்க முடியும். ரேமும் அப்படித்தான் வரிசை வரிசையாக இருக்கிறது. டிராயரை உருவி மேஜையில் வைக்க ஆகும் நேரம் டிஆர்சிடி. மேஜையில் இருக்கும் டிராயரிலிருந்து கேட்ட சரக்கை எடுத்து நீட்ட ஆகும் நேரம் சிஎல். அடுத்த டிராயரை உருவுவதற்கு முன் இதைத் திரும்பச் சுவரில் செருக ஆகும் நேரம் டிஆர்பி. (டிவி சேனல் ரேட்டிங் இல்லை.) கடைசி எண் டிராஸ். உருவிய டிராயர் இவ்வளவு நேரமாவது மேஜையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம். ரேமில் ஒரு பிட் என்பது ஒரு டிரான்சிஸ்டரும் குட்டியூண்டு கெபாசிட்டரும். படிக்கும்போது அதிலிருக்கும் மின்னூட்டம் கொட்டிவிடும், திரும்ப நிரப்பிய பிறகே மூட வேண்டும். ஐபிஎம்மில் ராபர்ட் டென்னார்ட் 1968-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது, இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை.

இங்கே நான் விழுந்த குழி ஒன்று. 16, 18 என்பதெல்லாம் நேரம் என்று நினைத்துவிட்டேன். அவை எண்ணிக்கை, கிளாக்கின் எத்தனை துடிப்பு என்ற கணக்கு. துடிப்பு எவ்வளவு நீளம் என்று தெரியாமல் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவது, முழத்தின் நீளம் தெரியாமல் பூ வாங்குவது போல. டிடிஆர் என்றால் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை டேட்டா போகும், ஆகவே 3200 ரேமின் உண்மையான கிளாக் 1600 மெகாஹெர்ட்ஸ்தான். (சிபியு-இசட் என்ற சோதனை புரோகிராமில் 1600 என்று பார்த்துவிட்டு, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று ஒரு மணி நேரம் கொதித்தேன். அவர் மேல் தப்பே இல்லை.) சிஎல்லை 2000-ஆல் பெருக்கி ரேம் வேகத்தால் வகுத்தால் நானோவினாடி வந்துவிடும்.

நான் காகிதத்தில் போட்ட கணக்கு: பழைய டிடிஆர்-400, சிஎல்2 என்றால் 10 நானோவினாடி. டிடிஆர்3-1600, சிஎல்9 என்றால் 11.25. என் 3200, சிஎல்16 அதே 10. டிடிஆர்5-6000, சிஎல்30, அதுவும் 10! நாலு தலைமுறையில் வேகம் பதினைந்து மடங்கு ஏறியிருக்கிறது, ஆனால் டிராயரிலிருந்து முதல் சிட்டிகையை எடுத்து நீட்டும் நேரம் கிட்டத்தட்ட அசையவே இல்லை. கெபாசிட்டரின் துளியூண்டு மின்னூட்டத்தைக் கண்டுபிடித்துப் பெரிதாக்கும் வேலை அவ்வளவு நேரம் கேட்கிறது. வேகம் ஏறியதெல்லாம், எடுக்க ஆரம்பித்த பிறகு சரக்கு எவ்வளவு மளமளவென்று வருகிறது என்பதில்தான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் புது ரேம் வாங்கினேன். 16 ஜிபி போதவில்லை என்பது உண்மைக் காரணம். 3600 என்ற எண் மேல் இருந்த ஆசை இன்னொரு காரணம். 16 ஜிபி ஸ்டிக் இரண்டு, 3600, 18-22-22-42. சிஎல் கணக்குப் போட்டால் அதே 10 நானோவினாடி. சரி, மோசமில்லை என்று வாங்கிவிட்டேன். மற்ற எண்களை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

தப்பான டிராயர் மேஜையில் இருக்கும்போது வேறு சரக்கு கேட்டால் மூன்று வேலையும் நடக்க வேண்டும்: பழையதை உள்ளே தள்ளி, புதியதை உருவி, சரக்கை எடுக்க வேண்டும். பழைய ரேமில் அது 18, 18, 16. கூட்டினால் 52 துடிப்பு, அதாவது 32.5 நானோவினாடி. புதியதில் 22, 22, 18. கூட்டினால் 62 துடிப்பு, 34.4 நானோவினாடி. அதிக விலை கொடுத்து வாங்கிய வேகமான ரேம் இந்த ஒரு விஷயத்தில் பழையதைவிட மெதுவு. லேட்டன்சி சோதனையில் (பிராசஸர் கேட்டதிலிருந்து டேட்டா வந்து சேரும் மொத்த நேரம்) பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பழையது 65 சொச்சம், புதியது 63 நானோவினாடி. அந்த இரண்டும்கூட, என் கணிப்பில், ரேம் கிளாக்கோடு சேர்ந்து பிராசஸரின் உள்பாதையும் 1600-லிருந்து 1800-க்கு ஏறியதால் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று: சிஎல் 10 நானோவினாடி என்றாலும் மொத்தப் பயணம் 60-க்கு மேல். பிராசஸருக்குள் இருக்கும் சின்ன மெமரியான கேஷ்களில் தேடி, இல்லை என்று தெரிந்து, ரேமை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் வரிசையில் நின்று போய் வருவதுதான் பெரும்பங்கு. ஆக சிஎல்லில் ஒன்றைக் குறைத்தால் மொத்தத்தில் அரை நானோவினாடி குறையும், அவ்வளவுதான்.

புத்தி இருந்தால் அங்கே நிறுத்தியிருப்பேன். போன மார்கழியில் வேலை குறைவு, ராத்திரி குளிர். பயாஸில் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் சிஎல்18-ஐ 17 ஆக்கினேன். விண்டோஸுக்குள் வந்து பார்த்தால் 18 என்றே காட்டியது. அரை மணி நேரம் தலையைச் சொறிந்த பிறகுதான் தெரிந்தது, ஏஎம்டி போர்டுகளில் கியர்டவுன் மோடு என்று ஒன்று இயங்கிக்கொண்டிருந்தால் ஒற்றைப்படை சிஎல்லை அது பேசாமல் அடுத்த இரட்டைப்படைக்கு ஏற்றிவிடும். ஆகவே 16. டிஆர்சிடி, டிஆர்பி இரண்டையும் 20 ஆக்கினேன். ஒருமுறை 18 வரை போய், திரை கறுத்து, கம்ப்யூட்டர் மூன்று முறை தானாக எழுந்து எழுந்து விழுந்தது. பயப்பட ஒன்றுமில்லை, போர்டு ரேமோடு ஒத்துப்போகப் பார்க்கிறது என்று அர்த்தம். ஐந்து நிமிடம் பொறுத்தும் வராவிட்டால் மெயினை அணைத்து, போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் கழித்து மாட்டினால் எல்லா அமைப்பும் பழையபடி ஆகிவிடும். அதற்கு முன் பயாஸ் திரையை போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் புலம்பாமல் இருக்கலாம்.

கடைசியாகக் கை வைத்தது டிஆர்எஃப்சி, வினையும் அங்கேதான். கெபாசிட்டரில் இருக்கும் மின்னூட்டம் தானாகக் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் 64 மில்லிவினாடிக்குள் ஒவ்வொரு வரிசையையும் ஒருமுறை படித்து மறுபடி நிரப்பியாக வேண்டும். டிடிஆர்4-இல் சராசரியாக 7.8 மைக்ரோவினாடிக்கு ஒரு முறை இந்த வேலை நடக்கிறது. அந்த நேரத்துக்குக் கடை மூடல், யாருக்கும் சரக்கு கிடையாது. எவ்வளவு நேரம் மூடல் என்பதுதான் டிஆர்எஃப்சி. என் ஸ்டிக்கில் இருந்த 8 ஜிகாபிட் சிப்புக்குப் பொது அளவு 350 நானோவினாடி, பயாஸில் 630 என்று இருந்தது. கிட்டத்தட்ட நூற்றுக்கு நாலரை பங்கு நேரம் இதிலேயே போகிறது என்று கணக்குப் போட்டதும் மனசு கேட்கவில்லை. 450-க்கு இறக்கினேன், அதாவது 250 நானோவினாடி. லேட்டன்சி 58-க்கு வந்தது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் பச்சை நிறத்தில் பாஸ். நண்பனுக்குப் போட்டோ அனுப்பிப் பெருமையடித்தேன்.

என் வேலையில் என்ன லாபம்? கடையின் மூன்று வருட ஸ்டாக் ரிப்போர்ட் 41 வினாடியிலிருந்து 39-க்கு வந்தது. வீடியோ எக்ஸ்போர்ட்டில் ஒன்றும் இல்லை.

அப்புறம் மே வந்தது. ஈரோட்டு வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை, 40 டிகிரியைத் தாண்டும். என் மேஜை மாடி அறையில், மேலே வெறும் கான்கிரீட். சூடு ஏற ஏற கெபாசிட்டரின் கசிவு வேகமாகும். ரேம் சிப் 85 டிகிரியைத் தாண்டினால் நிரப்பும் வேலையை இரண்டு மடங்கு அடிக்கடி செய்ய வேண்டும் என்று தர அளவிலேயே இருக்கிறது. நான் நிரப்பும் நேரத்தையும் வெட்டியிருந்தேன், மற்ற டைமிங்குகளையும் இறுக்கியிருந்தேன். மார்கழி ராத்திரியில் அதற்குத் தாக்குப்பிடித்த ரேம், அக்னி நட்சத்திர மத்தியானத்தில் எங்கோ ஒரு பிட்டைக் கோட்டைவிட்டது. கம்ப்யூட்டர் முடங்கவில்லை, நீலத் திரை வரவில்லை. சத்தமில்லாமல் ஒரு தப்பான பைட்டை டிஸ்க்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறது. முடங்கியிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பேன்.

உறுதி செய்தது இப்படி. 20 ஜிபி உள்ள ஒரு பேக்கப் கோப்புக்கு ஹாஷ் (கோப்பு முழுவதையும் படித்துக் கூட்டிச் சுருக்கிய எண், கோப்பு மாறாவிட்டால் அதுவும் மாறாது) எடுத்தேன். கோப்பில் கை வைக்காமல் மறுபடி, மறுபடி. ஆறாவது முறை விடை மாறியது. படித்துக் கூட்டியதில் எங்கோ தப்பு நடந்திருக்கிறது. மத்தியானம் இரண்டு மணிக்கு ஜன்னலைச் சாத்தி, ஃபேனை அணைத்துவிட்டு மெம்டெஸ்ட் போட்டேன். நாற்பதாவது நிமிடம் சிவப்பில் இரண்டு வரி. அன்றைக்கே எல்லாவற்றையும் எக்ஸ்எம்பி அளவுக்குத் திருப்பிவிட்டேன். அதே அறை, அதே சூடு, இரண்டு நாள் ஓடியும் ஒரு பிழை வரவில்லை.

அந்த ஐந்து மாதத்தில் எழுதிய கோப்புகளை எல்லாம் பழைய பேக்கப்போடு ஒப்பிட ஒரு வாரம் போனது. ஒரு ஜிப் கோப்பு திறக்கவில்லை. கடைக்காரர்களின் கணக்கு எதுவும் கெடவில்லை, அது என் அதிர்ஷ்டம். போட்டோ இரண்டும் போனது போனதுதான். அதற்குப் பிறகு கேமரா கார்டைக் காப்பி செய்தால், ஒப்பிட்டுப் பார்க்காமல் காலி செய்வதில்லை. கணக்கு வழக்கு ஓடும் சர்வரில் பிட் பிழையைத் தானே திருத்தும் ஈசிசி ரேம் போடச் சொல்லி இப்போதெல்லாம் பிடிவாதம் பிடிக்கிறேன். டிடிஆர்5-இல் சிப்புக்குள்ளேயே பிழை திருத்தம் உண்டே என்பார்கள். அது சிப்புக்குள் மட்டும்தான், பிராசஸருக்கு வரும் வழியைக் காப்பாற்றாது.

அந்த 41 வினாடி ரிப்போர்ட் உறுத்திக்கொண்டே இருந்தது. ரேமை முறுக்கி இரண்டு வினாடி குறைத்தவன், நான் எழுதிய புரோகிராமை ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. சந்தேகத்துக்கு ஒரு சின்ன சோதனை எழுதினேன். மூன்று கோடியே இருபது லட்சம் எண்கள், 256 எம்பி. பிராசஸரின் 16 எம்பி கேஷில் அடங்காத அளவு. வரிசையாகக் கூட்டினால் கண் சிமிட்டும் நேரம்கூட ஆகவில்லை. அதே எண்களைக் கலைத்துப்போட்டு, ஒவ்வொன்றும் அடுத்தது எங்கே என்று சொல்ல, அதைப் பிடித்து ஓடும்படி எழுதினால் மூன்று வினாடி. ரேம் அதே ரேம், டைமிங் அதே டைமிங். வரிசையாகப் போனால் ஒரே டிராயரிலிருந்து 64 பைட் பொட்டலமாக வந்துகொண்டே இருக்கும், அடுத்த பொட்டலத்தை பிராசஸரே முன்கூட்டிச் சொல்லி வைத்துவிடும். கலைத்துப்போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு டிராயர், ஒவ்வொரு முறையும் முழுக் காத்திருப்பு. நாலு கிகாஹெர்ட்ஸ் பிராசஸருக்கு 60 நானோவினாடி என்றால் 240 துடிப்பு சும்மா நிற்பது.

என் ஸ்டாக் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு சரக்கும் தனித்தனி ஆப்ஜெக்ட்டாக மெமரி முழுக்கச் சிதறிக் கிடந்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சங்கிலி போட்டிருந்தது. ரிப்போர்ட்டுக்கு வேண்டிய மீட்டரையும் விலையையும் மட்டும் தனி அரேயில் வரிசையாக வைத்தேன். ஒரு சாயங்கால வேலை. 41 வினாடி 9 வினாடி ஆனது, கடையில் இருக்கும் ஓட்டை கம்ப்யூட்டரிலும் அதே விகிதத்தில் குறைந்தது.

போன வாரம் அதே நண்பன் போன் செய்தான். புது கம்ப்யூட்டர் பூட்டுகிறானாம், டிடிஆர்5. "மாப்ள, 4800 சிஎல்40 ஒண்ணு இருக்குது, 6000 சிஎல்30 ஒண்ணு இருக்குது. உன்னோடது 18 தான? இதெல்லாம் ரெட்டிப்பா இருக்குதே, ஸ்லோவா?"

2000-ஆல் பெருக்கி வகுக்கச் சொன்னேன். அந்தப் பக்கம் கால்குலேட்டர் தட்டும் சத்தம். முதலாவது 16.67, இரண்டாவது 10. "அப்ப ரெண்டாவது. அதுலயும் கை வெச்சுக் கொஞ்சம் குறைக்கலாமா?"

"குறைச்சுக்கோ," என்றேன். "டெஸ்ட்டை மட்டும் மே மாசம் போடு."

"மே மாசத்துலயா? அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் எங்க வீட்டு விசேஷப் போட்டோ எதையும் உன் கம்ப்யூட்டர்ல போட மாட்டேன்."